நாம் மறுத்த ஓர் ஆண்டு



கடந்த மாதம் ஒரு வியாழக்கிழமை. மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு வீடு வந்து அமர்ந்த சற்று நேரத்தில் எமது மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் பல்கலைக்கழகக் கலைப் பீடத்தில் முதலாம் ஆண்டை நிறைவு செய்திருக்கிறாள். சுகம் விசாரித்த பிறகு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

“வாப்பா, ஸ்பெஷலுக்கு விண்ணப்பம் கோரியிருக்காங்க. இன்னும் பத்து நாள்தான் இருக்கு. போடட்டுமா?”

எமக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. “மூணு வருஷம் போதும் மகள்” என்ற பதில் நாவின் நுனியிலேயே இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, முன்னறையில் எமது இளைய மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எமது தங்கையின் குரல் திடீரென நின்றது. அவள் எம்மைப் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்தபடியே இருந்தாள். ஆனால் அந்த மௌனம் எம்மை வாய்மூடச் செய்தது. அதே வசனத்தை, அதே குரலில், சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அவளிடம் சொன்னவர்கள் நாமே.

மகளிடம், “நாளைக்குச் சொல்றன்” என்று மட்டும் கூறித் தொலைபேசியை வைத்தோம். அன்றிரவு எமக்குத் தெரியவந்தவற்றையும், அவை தெரியாதிருந்த காலத்தில் நாம் செய்த ஒரு பிழையையும் இங்கு எழுதுகிறோம். எம்மைப் போன்று பல்கலைக்கழக வாசலைப் பார்வையாளராக மட்டுமே கண்ட பெற்றோர் எமது சமூகத்தில் அநேகர். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

எமது தந்தையார் மரணித்தபோது தங்கைக்குப் பதினேழு வயது. அன்று முதல் அவளுக்கு வலியாகவும் செலவுக்குப் பொறுப்பாகவும் இருந்தவர்கள் நாம். க.பொ.த. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்று அவள் பல்கலைக்கழகம் புகுந்த நாளில் எமது தெருவே மகிழ்ந்தது. முதலாம் ஆண்டு முடிவில், புவியியல் துறையின் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானோர் பட்டியலில் தனது பெயர் இருப்பதாக அவள் அழைத்துச் சொன்னாள். சேர்வதாயின் ஒரு வாரத்துக்குள் உறுதிப்படுத்த வேண்டும் என்றாள்.

நாம் கேட்ட முதற் கேள்வி: “எத்தனை வருஷம்?”

“நாலு, காக்கா.”

“மற்றது?”

“மூணு.”

“அப்ப மூணு போதும்.”

“சரி காக்கா” என்றாள். அவ்வளவுதான். அந்த உரையாடல் ஒரு நிமிடம்கூட நீடித்திராது.

எமக்கு அன்று காரணங்கள் இருந்தன. ஒரு சம்பந்தம் பேசிவந்தார்கள். விடுதிச் செலவு இருந்தது. குமர்ப்பிள்ளை மேலும் ஓராண்டு தூர இடத்தில் இருப்பதைப் பற்றி ஊர் பேசும் என்ற அச்சமும் இருந்தது. இவற்றுள் எதையும் நாம் இன்று பொய்யென்று சொல்லப்போவதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அறியாமை. ‘சிறப்பு’ என்ற சொல்லை நாம் ஒரு பட்டுச் சால்வையாக விளங்கியிருந்தோம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் போர்த்தும் ஒரு மரியாதை, இல்லாவிட்டாலும் குறையில்லை. அது என்ன படிப்பு, எதற்கு அந்த மேலதிக ஆண்டு என்று நாம் கேட்கவில்லை. ஒரு சட்டப் பிரச்சினையில் நூல்களைப் புரட்டாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று மத்ரஸாவில் மாணவர்களுக்குப் போதிக்கும் நாம், ஒரு பிள்ளையின் வாழ்வில் ஒரு வினாக்கூட எழுப்பாமல் தீர்ப்புச் சொன்னோம்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் தங்கையை அழைத்து, “இந்தச் சிறப்புப் பட்டம் எப்படி நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித் தாங்க” என்று கேட்டோம். அவள் சற்று நேரம் எம்மைப் பார்த்தாள். பிறகு பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் வரைந்தாள். எமது துணைவியாரும் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

அவள் சொன்னதை எம்மால் இயன்றவரை ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

கலைப் பீடங்களில் பொதுவாக முதலாம் ஆண்டில் பிள்ளைகள் மூன்று பாடங்களை எடுக்கிறார்கள். அந்த ஆண்டின் முடிவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதையில் பல பாடங்களைச் சமமாகத் தொடர்ந்து படித்து, மூன்று ஆண்டில் வெளியேறலாம். அதைப் பொதுப் பட்டம் என்று அழைத்து வந்தார்கள். மற்றப் பாதையில் ஒரே ஒரு பாடத்தைத் தெரிந்தெடுத்து, அதன் துறைக்குள் புகுந்து, நான்காம் ஆண்டு முடியும்வரை அதிலேயே ஆழமாகச் செல்ல வேண்டும். அதுவே சிறப்புப் பட்டம். ஆங்கிலத்தில் ‘ஹொனர்ஸ்’ என்பார்கள். சில பீடங்களில் இந்தத் தெரிவு இரண்டாம் ஆண்டின் முடிவில் நடக்கும். பீடத்துக்குப் பீடம் விதிகள் வேறுபடும். ஆகவே அந்தந்தப் பீடத்தின் மாணவர் கைநூலைப் பார்ப்பது அவசியம்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அரசாங்கமே எண்ணால் அளந்து வைத்திருக்கிறது. இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டம் ஐந்தாம் மட்டத்தில் இருக்கிறது. அதற்கு 90 ‘கிரெடிட்’. நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டத்தில் இருக்கிறது. அதற்கு 120. ஆண்டொன்றுக்கு 30 கிரெடிட் என்பது கணக்கு.

“ஒரு கிரெடிட் என்றால் என்ன?” என்று கேட்டோம்.

“ஐம்பது மணித்தியாலப் படிப்பு, காக்கா.”

இந்த இடத்தில்தான் நாம் நிமிர்ந்து அமர்ந்தோம். அப்படியானால் ஓர் ஆண்டு என்பது 1500 மணித்தியாலம். மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 150 மணித்தியாலம். அதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது பொதுவாக 45 மணித்தியாலம். மீதி 105 மணித்தியாலம் நூலகத்திலும் விடுதி மேசையிலும் பிள்ளை தானாகச் செலவிட வேண்டியது. விடுமுறையில் வரும் பிள்ளை புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து, “அங்கேயும் படிப்பு, இங்கேயும் படிப்பா?” என்று நாம் கடிந்துகொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. அந்த 105 மணித்தியாலத்தைத்தான் நாம் வீட்டு வேலைக்கும் விருந்தினர் உபசாரத்துக்கும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்து அவள் தெரிவு முறையைச் சொன்னாள். விரும்பிய எல்லோரும் சிறப்புப் பட்டத்துக்குச் செல்ல முடியாது. ஒவ்வொரு துறையும் இத்தனை பேரைத்தான் எடுக்கும். எடுப்பதற்கு முதலாம் ஆண்டுப் பெறுபேற்றைப் பார்ப்பார்கள். அதிலும் குறிப்பாக விண்ணப்பிக்கும் பாடத்தில் பெற்ற தரத்தை. ‘ஏ’ தரத்துக்கு 4 புள்ளி, ‘பி’க்கு 3, ‘சி’க்கு 2 என்று கூட்டிச் சராசரி எடுப்பார்கள். அதைப் பிள்ளைகள் ‘ஜீபீஏ’ என்பார்கள். பட்டம் பெறும்போது அந்தச் சராசரி 3.70 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு, 3.30 இருந்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 இருந்தால் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு என்பது எமது பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள அளவு.

“முதலாம் வருஷம் பழகுற வருஷம், கடைசி வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில நினைக்கிறாங்க” என்றாள் தங்கை. “ஆனா கதவு திறக்கிறதும் மூடுறதும் முதலாம் வருஷத்திலதான்.”

இன்னொன்றையும் சொன்னாள். ஒரு பரீட்சையில் தவறி மறுமுறை தோற்றினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேல் தரமாட்டார்கள். தகுந்த காரணத்தை உரிய மருத்துவச் சான்றிதழுடன் உரிய காலத்தில் அறிவித்தாலே அது முதல் முறையாகக் கணிக்கப்படும். விரிவுரைகளுக்கு 80 வீத வரவும் பல இடங்களில் கட்டாயம். பரீட்சை மட்டுமல்ல, பருவத்தின் நடுவே வைக்கும் சிறு பரீட்சைகளும் ஒப்படைகளும் புள்ளியில் சேரும்.

எமது துணைவியார் மெல்ல எம்மைத் திரும்பிப் பார்த்தார். கடந்த ஆண்டு ஒரு குடும்பக் கல்யாணத்துக்காக மகளை வாரத்தின் நடுவே அழைத்தவர்கள் நாம். “ஒரு டெஸ்ட் இருக்கு வாப்பா” என்று அவள் சொன்னபோது, “டெஸ்ட் அடுத்த முறையும் வரும், கல்யாணம் வருமா?” என்று கேட்டவர்களும் நாமே. அவள் வந்தாள். கல்யாணத்தில் எல்லோருடனும் சிரித்துப் பேசினாள். அந்தப் பாடத்தில் அவளுக்குக் கிடைத்தது ‘பி’யை அடுத்துக் கீழே உள்ள தரம் என்பது அன்றிரவு எமக்குத் தெரியாது, மறுநாள் நாம் கேட்டபோதுதான் சொன்னாள். ஹிப்ழ் வகுப்பில் ஒரு நாள் பாடம் ஒப்புவிக்காத மாணவனின் தந்தையை அழைத்து, “பிள்ளையைக் கல்யாணம், கத்தம் என்று நிறுத்தாதீர்கள்” என்று கண்டிப்பவர்கள் நாம். அந்தக் கண்டிப்பு எமது வீட்டுக்குள் நுழையவில்லை.

பின்னர் நாம் அந்த நான்காம் ஆண்டைப் பற்றிக் கேட்டோம். இவ்வளவு நேரமும் இலக்கங்களைச் சொல்லிவந்த தங்கையின் குரல் இங்கே மாறியது.

சிறப்புப் பட்டத்தில் பிள்ளைக்கு ஆய்வு செய்யும் முறை தனியாகக் கற்பிக்கப்படும். இறுதி ஆண்டில் பிள்ளை தானே ஒரு வினாவைத் தெரிந்தெடுத்து, ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையில் அதற்கு விடை தேடி, ஓர் ஆய்வேடு எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். முதலில் ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். இதற்கு முன்னர் இந்த வினாவை யார் யார் எழுப்பினார்கள், என்ன சொன்னார்கள் என்று தேட வேண்டும். களத்துக்குப் போய்த் தரவு சேகரிக்க வேண்டும். எழுதிய ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்வியைத்தான் எழுதித் திருப்பித் தருவாராம்: இது உமக்கு எப்படித் தெரியும்?

இதைக் கேட்டபோது எமக்கு மத்ரஸாவின் ஹதீஸ் வகுப்பு ஞாபகம் வந்தது. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்பதுதானே ஸனதின் உயிர். ஒரேயொரு ஹதீஸை நேரில் கேட்டு உறுதிப்படுத்துவதற்காக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரழி) அவர்கள் ஒரு மாத காலத் தூரம் பிரயாணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரழி) அவர்களிடம் சென்ற வரலாற்றை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். சொல்லும்போது எமக்கே கண் கலங்குவதுண்டு. அறிந்ததை ஆதாரத்தோடு அறியவேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தைத்தான் இந்த நான்காம் ஆண்டும் பழக்குகிறது. நாம் அதைப் பட்டுச் சால்வை என்று எண்ணியிருந்தோம்.

“நீங்க என்ன ஆய்வு செய்ய இருந்தீங்க?” என்று தங்கையிடம் கேட்டோம். பதினைந்து ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்டோம்.

“கிணறு” என்றாள்.

எமக்கு விளங்கவில்லை.

“நம்மட வீட்டுக் கிணறு, காக்கா. சுனாமிக்குப் பிறகு உப்பாப் போனது.”

எமது ஊர் கிழக்குக் கரையில், கடலுக்கு அருகில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போனபின், கரையோரக் கிராமங்களின் கிணறுகளில் உப்பு நீர் நிறைந்திருந்தது. உதவிக்கு வந்தவர்களும் நாமும் இயந்திரம் வைத்து அந்நீரை இறைத்தோம். இறைத்தால் நல்ல நீர் ஊறும் என்று நம்பினோம். சில கிணறுகளில் இறைக்க இறைக்க உப்பு கூடியது. அப்போது தங்கை பள்ளிச் சிறுமி. எமது தாயார் ஒவ்வொரு நாளும் ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு சுவைத்து, துப்பிவிட்டுப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஏன் இறைத்தும் இனிக்கவில்லை என்று அவள் கேட்டதாகவும், “அல்லாஹ்வின் நாட்டம்” என்று நாம் சொன்னதாகவும் அன்றிரவு சொன்னாள். நாம் சொன்னது சத்தியம்தான். ஆனால் அவள் கேட்டது, அந்த நாட்டம் எந்த வழியாக நடக்கிறது என்பது.

அதற்கான விடையின் முதற்பகுதியை அவள் முதலாம் ஆண்டிலேயே கற்றிருக்கிறாள். கரையோர மணலுக்குக் கீழே மழைநீர் ஒரு மெல்லிய படையாக, பாரமான உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து கடுமையாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு நீர் மேலேறி வரும். சில மாரிகள் பெய்து, மழை தானாக அந்த உப்பைக் கழுவ விடவேண்டும். எமது ஊரில் எந்தக் கிணறு எத்தனை மாரியில் தேறியது, எது இன்னும் தேறவில்லை, ஏன் என்பதை வீடு வீடாகச் சென்று பதிவுசெய்ய அவள் எண்ணியிருந்தாள். அந்த எண்ணத்தை ஒரு விரிவுரையாளரிடம் சொல்லியும் இருந்தாள். அவர், “நல்ல வினா, மறந்துவிடாதீர்” என்று சொன்னாராம்.

அந்த வினாவை அவள் மறக்கவில்லை என்று அன்றிரவு கண்டோம். பின்னாளில் பட்டதாரி ஆசிரியர் நியமனம் பெற்று இன்று ஒரு பாடசாலையில் நன்றாகவே கற்பிக்கிறாள். இடையில் ஒருமுறை உதவி விரிவுரையாளர் வேலைக்கான விளம்பரம் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறாள். அதற்குச் சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்பும் கேட்டிருந்தார்கள். வெட்டி எடுத்து, பின் எறிந்துவிட்டதாகச் சொன்னாள். அன்று பேசிய சம்பந்தமும் கைகூடவில்லை என்பதை நாம் இங்கே மறைப்பது நேர்மையாகாது. அவளது நிகாஹ் அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், வேறோர் இடத்தில், அல்ஹம்துலில்லாஹ் நல்லபடி நடந்தது. நாம் அவசரப்பட்டு மிச்சம் பிடித்த அந்த ஓராண்டு எவருக்கும் உதவவில்லை.

நாம் மன்னிப்புக் கேட்டோம். “நாங்க கேட்டிருக்கணும். கேட்காமச் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க.” மூத்த சகோதரன் இளையவளிடம் இவ்வாறு கேட்பது எமது வீடுகளில் வழக்கமில்லை, வழக்கமில்லாதது எவ்வளவு கடினம் என்பதும் அப்போது தெரிந்தது.

அவள் உடனே “பரவாயில்ல” என்று சொல்லவில்லை. நாட்காட்டித் தாளை நான்காக மடித்தாள். “நானும் ஒரு தடவை ‘வேணும்’ என்று சொல்லியிருக்கலாம் காக்கா. நீங்க கேக்கல்ல, நான் சொல்லல்ல” என்றாள். பிறகு, “இவள் கேட்டிருக்காள். அதுக்குப் பதில் சொல்லுங்க” என்று எழுந்து போனாள்.

ஒரு விடயத்தை இங்கே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் குறைந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பல பாடங்களைச் சமமாகப் படித்த ஓர் ஆசிரியர் பாடசாலைக்கு எவ்வளவு பயன் என்பதற்கு எமது தங்கையே சாட்சி. குடும்பத்தின் நிலைமை, உடல்நலம், வேலைவாய்ப்பு ஆகியவற்றை நிறுத்துப் பார்த்து மூன்றாண்டே போதும் என்று பிள்ளை தானே முடிவெடுத்தால் அதில் பரக்கத் உண்டு. சிறப்புப் பட்டம் எல்லோருக்கும் உரியதுமன்று. ஒரே பாடத்தோடு மூன்று ஆண்டுகள் தனித்திருக்க மனம் ஒப்பாத பிள்ளை அங்கே வாடிப்போகும். நாம் வருந்துவது, தங்கை மூன்றாண்டில் வெளியேறியதற்காக அன்று. எதை விட்டு வெளியேறுகிறாள் என்று தெரியாமலேயே நாம் அவளை வெளியேற்றியதற்காக.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் மகளை அழைத்தோம். இம்முறை எத்தனை வருடம் என்று கேட்கவில்லை.

“எந்தப் பாடம் மகள்?”

“சமூகவியல், வாப்பா.”

“அதில் நீங்க எதைத் தேடப் போறீங்க?”

மறுமுனையில் சற்று அமைதி. பிறகு அவள் பேசத் தொடங்கினாள். வெளிநாடு சென்ற தாய்மாரின் பிள்ளைகளை ஊரில் வளர்க்கும் உம்மம்மாமார்களைப் பற்றிப் பேசினாள். எமது மத்ரஸாவிலேயே அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். அந்தப் பிள்ளைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வருகிறார் என்பதை இந்தக் கோணத்தில் நாம் பார்த்ததில்லை. இருபது நிமிடங்களுக்கு மேல் பேசினாள். அவ்வளவு நேரம் அவள் எம்மோடு படிப்பைப் பற்றிப் பேசியது அதுவே முதற்தடவை.

“போடுங்க” என்றோம்.

அவள் விண்ணப்பித்திருக்கிறாள். பட்டியல் இன்னும் வெளியாகவில்லை. அந்தக் கல்யாண வாரத்தில் தவறவிட்ட பரீட்சை அவளுக்குக் குறுக்கே நிற்குமோ என்ற கவலை எமக்கு இருக்கிறது. பெயர் வராவிட்டால் அதில் எமது பங்கும் உண்டு என்பதை அவளிடம் சொல்லிவிட்டோம். அவளுக்காக வந்திருக்கும் சம்பந்தக்காரரிடமும், பெயர் வந்தால் படிப்பு நான்கு ஆண்டு என்று அறிவித்துவிட்டோம். “யோசித்துச் சொல்கிறோம்” என்று போனார்கள். இன்னும் பதில் இல்லை. எமது துணைவியாருக்கு அதில் சற்றுக் கவலை. எமக்கும் இல்லாமல் இல்லை. ரிஸ்கும் நஸீபும் அல்லாஹ்விடம் இருக்கின்றன என்று மிம்பரில் சொல்வது எளிது, வாசலில் சொல்வது கடினம்.

பெற்றோரே, பாதுகாவலரே, உங்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவுதான். உங்கள் பிள்ளை பல்கலைக்கழகம் சென்ற முதல் மாதத்திலேயே சில கேள்விகளைக் கேளுங்கள். சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு எந்த ஆண்டின் முடிவில்? எந்தத் தரம் தேவை? துறை எத்தனை பேரை எடுக்கும்? தொடர முடியாவிட்டால் மூன்றாண்டுப் பட்டத்துடன் வெளியேறும் வழி உண்டா? பருவப் பரீட்சைகள் எந்த வாரங்களில்? அந்த வாரங்களை உங்கள் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்; கல்யாணத் திகதி வைக்கும்போது அதைப் பாருங்கள். அரச பல்கலைக்கழகத்தில் இளமாணிப் படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நான்காம் ஆண்டுக்கும் தேவைப்படுவது விடுதியும் சாப்பாடும் போக்குவரத்துமே. அது சிலருக்குப் பெரும் சுமைதான். ஆனால் சுமையை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது வேறு, எண்ணாமலே மறுப்பது வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, “எதைத் தேடப் போகிறாய்?” என்று ஒருமுறை கேளுங்கள். அறிவை அதிகமாக்கித் தருமாறு தன்னிடமே கேட்கும்படி தன் தூதருக்குக் கற்றுக்கொடுத்தவன் அல்லாஹ். அந்த உம்மத்தின் பிள்ளை இன்னும் கொஞ்சம் அறிய வேண்டும் என்று எம்மிடம் கேட்கும்போது, காரணத்தைக் கேட்டறியாமல் மறுப்பதற்கு எமக்கு உரிமை இல்லை. பிள்ளைகள் எம்மிடம் அமானிதம். அவர்களுடைய வினாக்களும் அப்படித்தான்.

சென்ற வெள்ளிக்கிழமை தங்கை வந்திருந்தாள். எமது இளைய மகனைக் கூட்டிக்கொண்டு பின்முற்றத்துக் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளி, அவன் கையில் கொஞ்சம் வார்த்து, “எப்படி இருக்கு?” என்று கேட்பது எமக்குக் கேட்டது.

“கொஞ்சம் உப்பு, மாமி.”

“ஏன் தெரியுமா?” என்றாள்.

யா அல்லாஹ், எமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவைத் தந்தருள்வாயாக. அவர்கள் கேட்கும்போது செவிசாய்க்கும் பொறுமையை எமக்குத் தந்தருள்வாயாக. அறியாமல் நாம் மூடிய கதவுகளுக்காக எம்மை மன்னித்து, அவற்றைவிடச் சிறந்த கதவுகளை அவர்களுக்குத் திறந்து தருவாயாக. ஆமீன்.